அந்த இரண்டு கயிறுகளின் நீளம்

இப்போது என் பழைய அலுவலகத்தில் யாரும் கோணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. விபத்து நடந்த இடத்தில் முக்காலி மேல் ஒரு கருவியை நிறுத்துகிறார்கள். அது ஒரு சுற்றுச் சுற்றி, சுவர், தூண், கயிறு, தரையில் காய்ந்த கறை என்று எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொள்கிறது. மீதியைக் கணினி சொல்லிவிடுகிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பேசுவதற்காக என்னை அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் நித்யா என்ற பெண் எழுந்து கேட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க பார்த்த கேஸ்ல எது ரொம்ப கஷ்டம்? கணக்கு கஷ்டமா, மனுஷங்க கஷ்டமா?"

"கணக்கெல்லாம் உயர்நிலைப் பள்ளி இரண்டாம் வருஷத்துல படிச்சதுதான் லா" என்று சொல்லிச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். உருளைக்கிழங்கு அடைத்த கரி பஃப் சாப்பிடப் போய்விட்டோம். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது பாலிடெக்னிக்கில் இயந்திரவியல். சில வருடம் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். பிறகு வேலையிட விபத்துகளை விசாரிக்கும் பிரிவுக்கு வந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சட்டம் படித்தோம், படம் எடுக்கப் பழகினோம், ஒரு தடவை பிணவறைக்குக் கூட்டிப் போனார்கள். மயங்கி விழாதவர்களை வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு மேலதிகாரியாக வந்தவர் தம்பையா சார். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், காத்தோங்கில் வீடு. தாத்தா காலத்திலேயே இங்கே வந்து குமாஸ்தாவாக இருந்த குடும்பம். குரலை உயர்த்த மாட்டார். பாராட்டவும் மாட்டார். விபத்து நடந்த இடத்துக்குப் போனால் முதலில் யாரோடும் பேசக்கூடாது என்பார். மேனேஜர் கை கொடுக்க வருவார், ஒருவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவருவார், இன்னொருவர் அழுதுகொண்டே வருவார். சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர்களைத் தாண்டிப் போய், அளவு நாடாவை விரிப்பார்.

அளப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. ஒரு முக்கோணத்தில் இரண்டு பக்கமும் நடுவிலுள்ள கோணமும் தெரிந்தால் மூன்றாவது பக்கத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். அவர் அப்படி விட மாட்டார்.

"மூன்றையும் அளவும் பிள்ளை. பிறகு கணக்கும் போடும். ரெண்டும் ஒத்து வந்தால்தான் நீர் அளந்தது அளவு" என்பார்.

'சுமார்' என்ற சொல் அவருக்கு ஆகாது. அறிக்கையில் சுமார் ஐந்து மீட்டர் என்று எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "சுமார் எண்டால் என்ன? எவ்வளவுக்கு மேல? எவ்வளவுக்குள்ள? ரெண்டு பக்கமும் வேலி கட்டும். தெரியாத ஒண்டுக்கு x எண்டு பேர் வையும். அந்த x எந்த வேலிக்குள்ள நிக்குது எண்டு பாரும்."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில். கடைவீட்டின் பின்சுவருக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்த ஒருவர் ஏணியோடு பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்து இறந்துவிட்டார். "ஏணியைச் செங்குத்தா வச்சான் மேடம், அவசரக்காரன்" என்றார் முதலாளி. ஏணி சுவரைத் தொட்ட உயரம் நான்கு மீட்டர் எண்பது. நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தூரம் அடிப்பகுதியைத் தள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. ஏணியின் காலுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் x என்றால், x ஒரு மீட்டர் இருபதுக்குக் குறையக்கூடாது. சந்தை அளந்தேன். சுவரிலிருந்து எழுபது சென்டிமீட்டரில் சாக்கடை தொடங்கியது. சாக்கடைக்கு அந்தப் பக்கம் அடுத்த கடையின் குளிர்சாதனப் பெட்டிகள். ஆக, x எழுபது சென்டிமீட்டரைத் தாண்ட முடியாது. ஒன்று இருபதுக்குக் குறையவும் கூடாது, எழுபதைத் தாண்டவும் முடியாது. அப்படி ஒரு எண் உலகத்திலேயே இல்லை. அந்த மனிதர் எவ்வளவு பொறுமைசாலியாக இருந்திருந்தாலும் அங்கே ஏணியைச் சரியாக வைத்திருக்க முடியாது. சாரக்கட்டு கட்டியிருக்க வேண்டும்.

அதை எழுதிக் கொடுத்தபோது சார் இரண்டு தடவை படித்தார். திருப்பித் தரவில்லை. எனக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான்.

இனி அந்த வழக்கு.

பாசிர் ரிஸ்ஸைத் தாண்டி, கடற்கரைக்கு முன்னால் வரும் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புப் பணிமனை. லாரியிலிருந்து இறக்க வேண்டிய பெரிய இரும்புச் சட்டம் ஒன்று, தூக்கும்போது ஒரு முனை கழன்று சரிந்தது. சட்டம் ஆடாமல் இருக்கக் கீழே நின்று வழிகாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த அன்பழகன் அதன் அடியில் போய்விட்டான். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். வீட்டில் மனைவியும் அப்பாவும். தூக்குவதற்குச் சைகை கொடுத்தவன் முருகேசன். அவனும் அதே ஊர். இரண்டு பேரும் ஒன்றாக விமானம் ஏறி வந்து, விடுதியில் ஒரே அறையில், மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலுமாக இருந்தவர்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இடத்தைக் கலைத்திருந்தார்கள். உடம்பை எடுப்பதற்காகச் சட்டத்தைத் தூக்க வேண்டியிருந்தது, அதில் தவறில்லை. ஆனால் தூக்கிய கம்பிக் கயிறுகளையும் காணோம். கேட்டதும் மேனேஜர் ஜெகன் இரண்டு கயிறுகளை எடுத்துவரச் சொன்னார்.

"இதுதான் மேடம். மூணு மீட்டர் கயிறு. நான் இவங்களுக்கு ஆறு மீட்டர் கயிறு கொடுத்திருந்தேன். முருகேசன் ஸ்டோர்லேர்ந்து சின்னதை எடுத்திருக்கான். நீளமானதைச் சுமந்துட்டு வர சோம்பேறித்தனம் லா. அவனே எழுதிக் கொடுத்துட்டான்."

முருகேசன் சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்திருந்தான். முன்னங்கையில் கீறல், அதன் மேல் யாரோ அவசரமாக ஒட்டிய பிளாஸ்டர். நான் போய் நின்றதும் எழுந்தான்.

"நீங்களா மூணு மீட்டர் கயிறு எடுத்தீங்க?"

"ஆமா மேடம்."

"ஏன்?"

"என் தப்புதான் மேடம். எழுதிக் குடுத்துட்டேன்."

கேட்ட எல்லாவற்றுக்கும் அதே பதில். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கயிற்றின் நீளம் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். தேக்கா சந்தையில் கனமான பையை இரண்டு பேர் ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஒட்டி நின்றால் பாதிப் பாதிக் கனம். இரண்டு பேரும் விலகிப் போகப் போகக் கை இழுபடும், தோள்பட்டை வலிக்கும். பையின் கனம் கூடவில்லை, கைகள் படுத்துவிட்டன, அவ்வளவுதான். கம்பிக் கயிறும் அப்படித்தான். கிரேனின் கொக்கியிலிருந்து இரண்டு கயிறுகள் இறங்கிச் சட்டத்தின் இரண்டு முனைகளுக்குப் போகின்றன. கொக்கியும் இரண்டு முனைகளும் சேர்ந்து ஒரு முக்கோணம். முக்கோணம் உயரமாக இருந்தால் கயிற்றில் இழுப்புக் குறைவு. தட்டையாக இருந்தால் இழுப்பு ஏறிக்கொண்டே போகும். சுமையில் பாதியைக் கயிற்றின் நீளத்தால் பெருக்கி, முக்கோணத்தின் உயரத்தால் வகுத்தால் ஒரு கயிற்றில் உள்ள இழுப்பு வந்துவிடும். வேறு சூத்திரம் எதுவும் வேண்டாம்.

சட்டத்தின் எடை எட்டு டன். இரண்டு முனைகளிலும் கயிற்றை மாட்டுவதற்கு இரும்பு வளையங்களைத் திருகியிருந்தார்கள். நேராக மேலே இழுத்தால் வளையம் ஒன்று ஐந்து டன் தாங்கும். அதில் ஒன்றுதான் கழுத்தோடு முறிந்திருந்தது.

"ரெண்டு வளையம், பத்து டன். சுமை எட்டு டன். நான் கொடுத்த சாமானெல்லாம் கரெக்டுதானே மேடம்?" என்றார் ஜெகன்.

அளந்தேன். வளையத்துக்கு வளையம் ஆறு மீட்டர் நாற்பது. கிரேன் கொக்கி ஏறக்கூடிய உச்சி, தரையிலிருந்து ஐந்து மீட்டர். கூரை தாழ்வான பழைய கட்டடம் அது. லாரியின் தளம் ஒன்று இருபது, அதன் மேல் நிற்கும் சட்டத்தின் உயரம் இரண்டு நாற்பது. லாரியின் பக்கத் தடுப்பைத் தாண்ட இன்னும் இருபது சென்டிமீட்டராவது தூக்க வேண்டும். சட்டத்தின் தலையில் இருக்கும் வளையங்கள் அப்போது மூன்று எண்பதில் நிற்கும். சார் சொல்லிக் கொடுத்தபடி எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். பிறகு ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து தாளை எடுத்தேன்.

கயிற்றின் நீளம் x. முதலில் ஜெகன் கொடுத்ததாகச் சொன்ன ஆறு மீட்டர். ஆறு மீட்டர் கயிற்றை மாட்டினால் வளையத்துக்கு மேலே ஐந்து மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் கொக்கி இருக்க வேண்டும். தரையிலிருந்தே கொக்கி ஏறுவது ஐந்து மீட்டர்தான். அந்தக் கயிற்றைக் கொண்டு லாரியிலிருந்து தூக்குவது இருக்கட்டும், தரையில் கிடக்கும் சட்டத்தையே அசைக்க முடியாது.

அடுத்தது, எங்களிடம் காட்டிய மூன்று மீட்டர். இதை எழுதும்போது என் பென்சில் நின்றுவிட்டது. முக்கோணத்தில் எந்த இரண்டு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாவதைவிடப் பெரிதாக வர வேண்டும். மூன்றும் மூன்றும் ஆறு. வளையத்துக்கு வளையம் ஆறு நாற்பது. எந்தக் கொக்கியிலிருந்தும் அந்தக் கயிறுகள் இரண்டு வளையங்களையும் ஒரே நேரத்தில் தொடாது. முக்கோணமே கிடையாது.

தாளைச் சாரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு ஜெகனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தக் கயிறுகளைத்தானே மாட்டினவை?"

"ஆமா சார்."

"அப்ப ஒருக்கா மாட்டிக் காட்டுங்கோ."

சட்டம் இப்போது தரையில் கிடந்தது. ஜெகன் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் ஒரு கயிற்றை முறியாத வளையத்தில் மாட்டி, மற்றதை வளையம் முறிந்த இடத்தோடு கம்பியால் இறுக்கி, மறுமுனைகளைப் பிடித்துக்கொண்டு நடுவை நோக்கி நடந்தார்கள். கயிறு விறைத்தது. அவர்கள் இருவரின் கைகளுக்கும் நடுவில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. ஒருவன் பலம் கொண்டமட்டும் இழுத்துப் பார்த்தான். முருகேசன் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதும், விடுங்கோ" என்றார் சார். ஜெகன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அப்படியானால் மாட்டிய கயிறு எது? சார் என்னைப் பார்த்தார். வேலி கட்டச் சொல்கிறார் என்று புரிந்தது. முக்கோணம் வர வேண்டுமானால் x மூன்று இருபதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். லாரியைத் தாண்டிச் சட்டம் ஏறியது உண்மை, சாட்சிகள் பலர். ஏற வேண்டுமானால் முக்கோணத்தின் உயரம், ஐந்தில் மூன்று எண்பது போக, ஒன்று இருபதுக்கு மேல் போகக்கூடாது. அதிலிருந்து x மூன்று நாற்பத்திரண்டைத் தாண்டக்கூடாது. மூன்று இருபதுக்கு மேல், மூன்று நாற்பத்திரண்டுக்குள். இருபத்திரண்டு சென்டிமீட்டர் இடத்துக்குள் அந்தக் கயிறு அகப்பட்டுவிட்டது.

கடையில் கம்பிக் கயிறு முழு மீட்டரிலும் அரை மீட்டரிலும்தான் தயாராகக் கிடைக்கும். இடைப்பட்ட நீளம் வேண்டுமென்றால் அளவு சொல்லிச் செய்ய வேண்டும். அப்படிச் செய்து கொடுக்கும் கடைகளில் ஏறி இறங்கினேன். காலாங் பக்கத்தில் ஒரு பட்டறையில், சீன முதியவர் ஒருவர் பின்பக்கம் போய் ஆணியில் தொங்கிய ஒரு ஜோடியை எடுத்து வந்து மேசையில் போட்டார். ஜெகன் இரண்டு ஜோடி சொல்லியிருந்தாராம். ஒன்றைக் கொண்டுபோனார், மற்றதை எடுக்க வரவே இல்லையாம். அளந்தேன். மூன்று மீட்டர் முப்பது.

கடைக்கு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே கணக்கைப் போட்டேன். x மூன்று முப்பது என்றால் முக்கோணத்தின் உயரம் எண்பது சென்டிமீட்டர்தான் வரும். அந்தத் தட்டையில் ஒவ்வொரு கயிறும் பதினாறு டன்னுக்கு மேல் இழுத்திருக்கும். எட்டு டன் சுமைக்குப் பதினாறு. அதுவும் மேலே பார்த்து இழுக்காமல் ஏறத்தாழப் பக்கவாட்டில். அந்த வளையம் பக்கவாட்டு இழுப்பில் அதன் பலத்தில் கால் பங்கைக்கூடத் தாங்காது. முறியாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பாதுகாப்பான கோணம் கிடைக்க முக்கோணத்தின் உயரம் குறைந்தது மூன்று இருபது வேண்டும். அந்தக் கட்டடம் கொடுத்தது ஒன்று இருபது. சந்தில் சாயக்காரருக்கு நடந்த அதே கதை. எந்தக் கயிற்றை எடுத்திருந்தாலும் அங்கே அந்தச் சட்டத்தைத் தூக்கியிருக்கக்கூடாது. வெளியே லாரியை நிறுத்தி வேறு கிரேன் வரவழைத்திருக்க வேண்டும். கூரை தாழ்வு என்பது ஜெகனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இடுக்குக்குப் பொருந்தும் நீளத்தில் கயிறு செய்யச் சொல்லியிருக்கிறார்.

முருகேசனை அலுவலகத்துக்கு வரவழைத்தேன். அளவுகளைத் தாளில் வரைந்து காட்டினேன். அவன் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தான்.

"நீங்க எழுதிக் கொடுத்தது நடந்திருக்க முடியாது முருகேசன். மூணு மீட்டர் கயிறு எட்டவே எட்டாது. நீங்களே பார்த்தீங்க. ஏன் அப்படி எழுதினீங்க?"

அவன் தாளை என் பக்கம் தள்ளினான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"கேஸு இழுத்தா உடம்பு இங்கயே கெடக்கும்னாரு மேடம். மாசக்கணக்குல ஐஸ்ல வச்சிருப்பாங்களாம். நீ கையெழுத்துப் போட்டா நாளைக்கே ஃப்ளைட்டு ஏத்திடுவோம்னாரு. அன்புவோட அப்பா போன்ல கத்துறாரு, எம்புள்ளய கொண்டாந்து போடுங்கடான்னு. நான் என்ன பண்ணுவேன்?"

"உடம்பை அனுப்புறதுக்கும் உங்க கையெழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. விசாரணை நடந்தாலும் உடம்பு போகும். அவர் பொய் சொல்லியிருக்கார்."

"அப்ப நான் எழுதுனது சும்மாவா மேடம்?"

எதிரில் வைத்திருந்த டீ ஆறிப் போயிருந்தது. அவன் அதை அப்போதுதான் கவனித்தவன்போல எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

"இதை மாத்தாதீங்க மேடம். செல்விக்கு, அன்பு சம்சாரத்துக்கு, நானே போன் போட்டு என் தப்புன்னு சொல்லிட்டேன். இப்ப மாத்திச் சொன்னா, சம்பாத்தியத்த காப்பாத்திக்கப் பொய் சொல்றான்னு நெனப்பாங்க. எப்படிப் பார்த்தாலும் சைகை குடுத்தது நான்தானே?"

அவன் எழுதியது பொய் என்று தெரிந்தபின் என்னால் அதை விட முடியாது. அதை அவனிடம் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். சம்மதம் என்று அர்த்தமில்லை.

அறிக்கையைச் சாரிடம் வைத்தபோது ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளை, இதில் முருகேசன் செய்த பிழை எவ்வளவு?"

"அவன் என்ன செய்திருந்தாலும் இது நடந்திருக்கும் சார்."

"நான் அதைக் கேட்கேல்லை" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். "கணக்கு என்ன நடந்தது எண்டு சொல்லாது. என்ன நடந்திருக்க ஏலாது எண்டுதான் சொல்லும். நீதிமன்றத்தில் அதுக்கு மேல ஒரு சொல்லும் சொல்லாதேயும்."

சொல்லவில்லை. கம்பெனியின் வழக்கறிஞர் என்னைக் கூண்டில் நிறுத்தி அரை நாள் கேள்வி கேட்டார். மூன்று பக்கங்களையும் கணக்குப் போடாமல் நேரிலேயே அளந்தீர்களா என்று கேட்டார். அளந்தேன் என்றேன். காலாங்கில் கிடைத்த ஜோடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்ததும் அவர் உட்கார்ந்துவிட்டார். ஜெகன் சிறைக்குப் போனார். கம்பெனிக்கு அபராதம் விதித்தார்கள், பிறகு அது மூடப்பட்டது. அங்கே வேலை செய்த மற்ற ஆட்கள் வேறு இடம் கிடைக்காமல் ஊருக்குத் திரும்பினார்கள். தீர்ப்பு நாளில் அவர்களில் ஒருவர் நீதிமன்ற வாசலில் என்னைப் பார்த்து, "நல்லா இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றும் தெரியவில்லை. முருகேசன் மேல் வழக்கு இல்லை. அவனும் ஊருக்குப் போனான்.

என்னைப் பொறுத்தவரை அதோடு முடிந்திருக்க வேண்டும். அடுத்த வருடம், அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனிடமிருந்து போன் வந்தது.

ஊரில் யாரும் அவனோடு பேசுவதில்லை. கடையில் சாமான் கொடுக்கிறார்கள், பேச்சு இல்லை. அவன் மகளைப் பள்ளிக்கூடத்தில் 'கொலகாரன் மவ' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். தீர்ப்பு வந்ததைச் சொல்லிப் பார்த்தானாம். வெளிநாட்டுக் கோர்ட்டில் காசு கொடுத்தால் எதுவும் எழுதுவான் என்றார்களாம். "நீங்க ஒரு தடவ செல்விகிட்ட பேசுங்க மேடம். நீங்க சொன்னா கேப்பா."

அது என் வேலை இல்லை. இருந்தாலும் சாரிடம் கேட்டேன். அவர் அப்போது ஓய்வுபெறும் நிலையில் இருந்தார். "வழக்கு முடிஞ்சுது. இனி நீர் பேசுறது உம்மட பாடு" என்றார்.

பேசினேன். அந்தப் பக்கம் ஆடு கத்தும் சத்தம், தூரத்தில் ஒரு குழந்தை. நான் யார் என்று சொன்னேன். கயிறு எட்டாது என்பதையும், கூரை தாழ்வு என்பதையும், மேனேஜர் கயிறு செய்து வாங்கியதையும் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். செல்வி முழுவதையும் கேட்டாள்.

"சரிங்க மேடம். கம்பெனிக்காரன் பொய் சொன்னான், புரியுது. முருகேசு அண்ணன் ஏன் பொய் சொன்னாரு?"

"உடம்பு சீக்கிரம் வீட்டுக்கு வரணும்னு, அம்மா. கையெழுத்துப் போட்டாத்தான் அனுப்புவோம்னு அவரை ஏமாத்தியிருக்காங்க."

ஆடு மறுபடி கத்தியது.

"பெட்டியத் தொறக்க விடலைங்க அக்கா. முகம் இல்ல, பாக்காதீங்கன்னுட்டாங்க. நாங்க யாருமே பாக்கல. பாக்காமயே பொதைச்சோம். அதுக்காகவா அவரு கையெழுத்துப் போட்டாரு?"

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "வருஷத் திதிக்கு வரச் சொல்லுங்க. பின்னால நிக்கட்டும். மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள்.

முருகேசனிடம் சொன்னேன். அவன் போனான். அதற்கு மறுநாள் அவனே கூப்பிட்டான். குரல் நிதானமாக இருந்தது. வேலி ஓரமாக, வெயிலில், எல்லாம் முடியும்வரை நின்றிருக்கிறான். சாப்பாடு போடும்போது யாரும் கூப்பிடவில்லை. அதை அவன் எதிர்பார்க்கவும் இல்லை. எல்லோரும் போனபின் அன்பழகனின் அப்பா அவனிடம் வந்தாராம்.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணுதான் கேட்டாரு மேடம். சாவுறதுக்கு முன்னாடி எம்புள்ள கடைசியா என்ன பேசுனான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

முருகேசன் இருமினான்.

"கயிறு ரொம்பப் படுக்குதுடா, வேணாம்டான்னு அன்பு சொன்னான் மேடம். மேனேஜர் மேல நின்னு பாத்துட்டு இருந்தாரு. நான், 'ஒண்ணும் ஆவாது, புடி'ன்னு சொல்லிட்டு கையத் தூக்குனேன்."

என் விசாரணையில் அவன் அதைச் சொல்லவில்லை. நானும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என் தாளில் இருந்த ஒரு எண்ணும் மாறியிருக்காது. பதினாறு டன் பதினாறு டன்தான். தீர்ப்பும் அதுவேதான் வந்திருக்கும்.

"இதை ஏன் அவர்கிட்ட சொன்னீங்க முருகேசன்? சொல்லாம இருந்திருக்கலாமே."

"கேட்டாரு மேடம். சொல்லிட்டேன்."

"அவர்?"

"ஒண்ணும் சொல்லல. உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாரு."

அந்த மாதமே குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டான். நூல் மூட்டை ஏற்றும் வேலை என்று பிறகு ஒரு தடவை சொன்னான். ஊருக்குப் போவதுண்டா என்று கேட்டேன். இல்லை என்றான்.